தைப்பூசம் முடிந்தும் முடியாத விரதம்

சவரம் செய்யும்போதுதான் கழுத்தில் அந்தக் கட்டி தட்டுப்பட்டது. நெல்லிக்காய் அளவு. எண்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. எய்ட்ஸ் என்ற சொல் பத்திரிகைகளில் அடிக்கடி வந்துகொண்டிருந்தது; கழுத்தில் கட்டி வருவதும் அதன் அறிகுறி என்று படித்திருந்தேன். பாதிச் சவரத்தோடு கத்தியை வைத்துவிட்டேன், அவ்வளவு பயம்.

காரணம் இருந்தது. மலேசியாவில் செமோர் பக்கம் நாங்கள் வேலை பார்த்த ரப்பர் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்ட பிறகு நான் லோரி ஓட்டப் போனேன். ஈப்போவிலிருந்து தாய்லாந்து எல்லைவரை சரக்கு. இறக்கிவிட்டு, எல்லைக்கு அப்பால் பெண்கள் இருக்கும் விடுதிக்குக் கூட்டாளிகளோடு நானும் போயிருக்கிறேன். "திரும்பும்போது ரெண்டு கேப்சூல் போட்டா போதும்லா மச்சான்" என்பார்கள். நோய் வராது என்று நம்பிப் போட்டுக்கொள்வேன். பிறகு வீட்டுக்கு வந்து மனைவி சரோஜாவோடு வழக்கம்போல் இருப்பேன். இதை எழுதவே கூசுகிறது.

ஈப்போவில் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு வாதாடவும் செய்தேன்.

"அது வெள்ளைக்காரனுக்கும் போதை ஊசி போடுற பசங்களுக்கும் வாரதுன்னு சொல்றாங்களே, டாக்டர்?"

"கிருமிக்கு ஆள் பாக்கத் தெரியாது. அந்தப் பொண்ணுக்கு யாரோ ஒருத்தன் கொடுத்திருக்கலாம். அவகிட்டேர்ந்து ஒங்களுக்கு, ஒங்ககிட்டேர்ந்து ஒங்க சம்சாரத்துக்கு. கேப்சூலுக்கெல்லாம் இது கேக்காது."

கட்டி சொத்தைப் பல்லால் வந்தது. பல்லைப் பிடுங்கியதும் வற்றிவிட்டது. எச்.ஐ.வி. சோதனையிலும் (உடலின் எதிர்ப்புச் சக்தியை அழிக்கும் கிருமி தொற்றியிருக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பது) ஒன்றும் இல்லை. ஆனால் தொற்றிய உடனே அது சோதனையில் தெரியாதாம். மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார். அதுவரை ஆணுறை இல்லாமல் மனைவியை நெருங்கக் கூடாது என்றார்.

உறையை எடுத்தால் ஏன் என்று கேட்பாளே! தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்திருப்பதாகச் சொல்லி, விரதம் என்று ஹாலில் பாய் விரித்தேன். என் பொய்க்கு அவளும் சேர்ந்து சைவம் சாப்பிட்டாள். காவடியும் எடுத்தேன். சோதனைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

"தைப்பூசந்தான் முடிஞ்சு போச்சே. இன்னும் எந்த முருகன் ஒங்கள ஹாலுல படுக்கச் சொல்றான்?" என்றாள். சிரித்து மழுப்பினேன்.

இரண்டாவது சோதனையிலும் கிருமி இல்லை. கிளினிக் வாசல்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அப்படி ஒரு நிம்மதி. அன்று சாயங்காலமே சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு கேட்டாள்: "மூணு மாசம் பயந்தீங்க, சரி. அதுல என் ஒடம்பும்தானே இருந்துச்சு? எங்கிட்ட ஏன் சொல்லல?"

சோதனை முடிவுத் தாளை நீட்டினேன்; அவள் வாங்கவில்லை.

"ஒங்களுக்கு இல்லன்னா எனக்கும் இருக்காதுன்னு சொல்வீங்க. நான் என் காதால கேக்கணும். நாளைக்கே போலாம்."

அவளுடைய சோதனை முடிவு வந்த அன்று டாக்டரம்மா என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "என் ரிப்போர்ட்டு டாக்டர், எங்கிட்ட சொல்லுங்க" என்றாள் சரோஜா. கிருமி இல்லை என்று அவர் சொன்னதும் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். அப்போதுதான் என் நெஞ்சும் லேசானது.

முடிவுக்காகக் காத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: வீட்டில் சொல்லிவிடுங்கள். பயப்பட அவர்களுக்கும் உரிமை இருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். செமோரில் நான் முதலில் இறங்கிக் கை நீட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பிடித்தாள். அவள் தொடுவதற்காக நான் காத்து நின்றது அதுவே முதல் தடவை.