அவனுக்கு ஒரு அட்டை பின்னால்

எங்கள் இரண்டாம் வகுப்பில் யாரும் யாரையும் இடம் பார்த்து உட்கார வைத்ததில்லை. அட்டைதான் உட்கார வைக்கும். இப்போது நானும் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் எடுக்கிறேன். என் வகுப்பிலும் அப்படித்தான் என்றால் உடன் வேலை பார்ப்பவர்கள் சிலர், "ஏன் இந்த வீண் வேலை, வரிசையா உக்கார வச்சமா, எழுதிப் போட்டமான்னு இல்லாம" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு அந்த அட்டைகள்மேல் இருக்கும் பிடிவாதம் அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

ஒரத்தநாட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். பள்ளியில் வகுப்பறை என்றால் தரை, பாய்கள், சுவரின் அடிப்பகுதி முழுக்கக் கறுப்பு வண்ணம் அடித்த பலகை. அந்தப் பலகையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கோடு கிழித்து ஒரு கட்டம். காலையில் வந்ததும் அவரவர் பெயருக்கு நேரே அவரவரே வருகைக் குறி போட வேண்டும். பிறகு சுவரில் ஒட்டியிருக்கும் ஏணிப் படத்தைப் பார்க்க வேண்டும். நேற்று எந்தப் படியில் நின்றோமோ அதற்கு அடுத்த படியின் அட்டையைத் தட்டிலிருந்து நாமே எடுக்க வேண்டும். அட்டையின் மூலையில் ஒரு படம் இருக்கும். அதே படம் எந்தப் பாய்க்கு மேலே தொங்குகிறதோ அங்கே போய் உட்கார வேண்டும். ஒரு பாயில் டீச்சர் சொல்லித் தருவார். ஒரு பாயில் தனியாகச் செய்ய வேண்டும். இன்னொரு பாயில், அந்த அட்டையை முடித்துவிட்ட பிள்ளை, இப்போதுதான் எடுத்த பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டும்.

வம்பு அந்தக் கடைசிப் பாயில்தான் தொடங்கியது.

நான் காலனிப் பிள்ளை. என் அம்மா நடவுக்குப் போகிறவள். அப்பா, மேலத்தெரு ஐயாவின் நிலத்தில் கொஞ்சத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்துகொண்டிருந்தார். பத்திரம் எதுவும் கிடையாது, வாய்ச்சொல்தான். நாங்கள் வருடம் முழுக்கச் சாப்பிட்ட சோறு அந்த நிலத்தில் விளைந்தது. அந்த ஐயாவின் மகனும் என்னோடு இரண்டாம் வகுப்பில் படித்தான். நல்ல பையன்தான், கழித்தல் மட்டும் வராது. நான் முடித்த கழித்தல் அட்டையை அவன் எடுத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

நாற்பத்திரண்டிலிருந்து பதினேழை எடுக்க வேண்டும். பத்துப் பத்தாக ரப்பர் போட்டுக் கட்டிய குச்சிகள் நான்கு கட்டு, உதிரியாக இரண்டு. ஏழு குச்சி எடுக்க உதிரி போதவில்லை. அவன் இரண்டு உதிரிக் குச்சிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தான். கட்டைப் பிரிக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. டீச்சர் கட்டி வைத்ததைப் பிரித்தால் அடி விழும் என்று நினைத்திருப்பான்.

"ஒரு முடிய அவுருடா. நாத்து முடிய அவுக்காம எப்படி நடுவ?" என்றேன்.

அவனுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. அன்று முழுக்கக் கட்டுகளைப் பிரித்துப் பிரித்துக் கழித்தான். அதோடு விட்டிருந்தால் தேவலை. அந்த வாரம் அவர்கள் வயலில் சம்பா நடவு. இவன் வரப்பில் போய் நின்று, கட்டுக் கட்டாக முடிந்து வைத்திருந்த நாற்று முடிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் போட்டு, தன் அப்பாவுக்குக் கழித்தல் காட்டியிருக்கிறான். நாற்றெல்லாம் கலைந்து சேற்றில் கிடந்தது. யார் சொல்லிக் கொடுத்தது என்று அவர் கேட்டாராம். இவன் என் பெயரைப் பெருமையாகச் சொன்னானாம். நடவுப் பெண்கள் குனிந்தபடியே சிரித்திருக்கிறார்கள். அதில் என் அம்மாவும் இருந்தாள். ஐயாவும் சிரித்தார்தான். "நம்ம வீட்டுப் பயலுக்கு வாத்தியார் அங்கேருந்துதான் வரணுமா?" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாராம்.

அந்தச் சிரிப்பை அம்மா சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அப்பா கை கால் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நீ அவனுக்கு முன்னாடி போவாத. கொஞ்ச நாளைக்கு ஒரு அட்டை பின்னாடியே இரு."

"ஏன்?"

"சொன்னா கேளு."

"எனக்குத் தெரிஞ்ச கணக்க தெரியாதுன்னு சொல்லணுமா?"

அப்பா செம்பை எடுத்துக்கொண்டு மறுபடி கால் கழுவப் போனார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. அப்பா என்றால் எனக்கு உயிர். ஆனால் அன்று ராத்திரி அவர் பக்கத்தில் படுக்கவில்லை.

மறுநாள் வருகைக் குறி போட்டுவிட்டு அட்டைத் தட்டின் முன்னால் நின்றேன். என் அட்டை தெரிகிறது. கை போகவில்லை. மற்ற பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். டீச்சர் பாயில் இருந்தபடியே, ஏன் நிற்கிறாய் என்று கேட்டார்.

"எங்கப்பா எடுக்கக் கூடாதுன்னாங்க டீச்சர். அவனுக்குப் பின்னாடி இருக்கணுமாம்."

டீச்சர் யார் எவன் என்று விசாரிக்கவில்லை. தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர் என்றாலும் ஊர் அவருக்குத் தெரியும். எழுந்து வந்து எடுத்துக் கொடுப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படிச் செய்தால் டீச்சர்தான் கொடுத்தார் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

"இங்க நான் யாருக்கும் எடுத்துக் குடுக்கறது இல்லம்மா. வேணும்னா நீதான் எடுக்கணும்" என்றார். பிறகு தன் பாயில் இருந்த பிள்ளைகளிடம் திரும்பிவிட்டார்.

எடுத்தேன். அன்று மட்டும் அல்ல, அதற்குப் பிறகு பேய் பிடித்தவள் மாதிரி எடுத்தேன். கழித்தல் முடிந்தது, பெருக்கல் முடிந்தது. மதிப்பீட்டு அட்டை வரும்போதெல்லாம் தப்பில்லாமல் முடித்துவிட்டு அடுத்த தட்டுக்கு ஓடினேன். பையன் கீழே எங்கோ வந்துகொண்டிருந்தான். அவனுக்கு அதில் வருத்தம் ஏதும் இல்லை. தெரியாததைக் கேட்க என் எதிரேதான் வந்து உட்காருவான். பொறாமை, கௌரவம் எல்லாம் அவன் அப்பாவிடம்தான் இருந்தது.

தை பிறந்து, கதிர் முற்றி நின்ற நேரத்தில் பள்ளியில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஏணிப் படத்தின் முன்னால் நின்று, தன் படியைத் தொட்டுக் காட்டி, அதில் என்ன கற்றது என்று சொல்ல வேண்டும். பெற்றோர்கள் அவரவர் பிள்ளை உட்காரும் பாயில் உட்கார வேண்டும். இது டீச்சரின் ஏற்பாடு. ஐயா வெள்ளை வேட்டியோடு வந்து நின்று, நாற்காலி எங்கே என்று பார்த்தார்.

"நாற்காலி இல்லீங்க. நானே பாய்லதான் உக்காருறேன்" என்றார் டீச்சர். குரலில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

அவர் மடக்க முடியாத முழங்காலை மடக்கிப் பையனின் பாயில் உட்கார்ந்தார். அது பிள்ளைக்குப் பிள்ளை சொல்லித் தரும் பாய். என் பாயும் அதுதான். அப்பா வாசல் பக்கமே நின்றார். டீச்சர், "உங்க பொண்ணு பாய் அந்தா இருக்கு, உக்காருங்க" என்று இரண்டு தடவை சொல்லியும், "இருக்கட்டுங்க டீச்சர்" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. எல்லார் அப்பாவும் பாயில் இருக்க, என் அப்பா மட்டும் ஏன் நிற்க வேண்டும்?

பையன் போய்த் தன் படியைத் தொட்டுக் காட்டினான். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்து நான். என் படி உயரத்தில் இருந்ததால் எக்கித்தான் தொட முடிந்தது. வேண்டுமென்றே நன்றாக எக்கித் தொட்டேன். ஐயா என்னைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி வாசல் பக்கம் பார்த்தார். முகத்தில் அதே சிரிப்பு.

"ஏம்ப்பா, ஒம் பொண்ணக் கொஞ்சம் மெதுவாப் போவச் சொல்லக் கூடாதா?"

அப்பா தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார். இடுப்பில் கட்டப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதை மறுபடியும் தோளிலேயே போட்டார்.

"சொன்னேங்க. கேக்க மாட்டேங்குது. இனிமே சொல்றதா இல்லீங்க."

சொல்லிவிட்டு நடந்து வந்து, ஐயா இருந்த பாயிலேயே அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். டீச்சர் சட்டென்று குனிந்து அட்டைகளை அடுக்கத் தொடங்கினார். ஏற்கெனவே அடுக்கியிருந்த அட்டைகள் அவை.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை பேர் முன்னாலும் அப்பா என்னைப் பற்றிக் கோள் சொல்லிவிட்டார். கேட்க மாட்டேன் என்கிறேனாம். வீட்டுக்கு வரும்போது வாய்க்கால் கரையில் அவர் நீட்டிய கையைப் பிடிக்காமல் முன்னால் ஓடினேன். பின்னாலிருந்து அப்பா சிரிக்கும் சத்தம் கேட்டது. என்னைக் கேலி செய்கிறார் என்று இன்னும் வேகமாக ஓடினேன்.

வீட்டில் அம்மா, கூட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்டாள். அப்பா சொன்னார். அம்மா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "சரி, கதிர அறுத்தாவது எடுத்துக்குவோம்" என்றாள்.

அறுத்து எடுத்தோம். களத்தில் நெல் காய்வதற்குள் ஐயா ஆள் அனுப்பினார். அடுத்த போகம் நிலத்தை அவரே பார்த்துக்கொள்கிறாராம். விதைக்கென்று எடுத்து வைத்த நெல்லை அம்மா அவித்துக் காயப்போட்டாள். சோறு கொஞ்சம் தாராளமாகவே கிடைத்ததால் எனக்கு அந்த மாதம் பிடித்திருந்தது. அப்பா ஒரத்தநாட்டில் அரிசி ஆலைக்கு மூட்டை தூக்கப் போனார். வயலை விட அது பெரிய வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் அல்லவா போய் வருகிறார்.

இருட்டும் நேரத்தில் தோளிலும் தலைமுடியிலும் உமித்தூசியோடு வந்து இறங்குவார். கை கால் கழுவும் முன்பே, "இன்னிக்கு எந்த அட்டை?" என்று கேட்பார்.

கூட்டத்தில் என்னைப் பற்றிக் கோள் சொன்னவருக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்? வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வேன்.