கூஸ்பெர்ரிக் கோப்பையில் குடிவந்த ராபின்

பெரில் ஹல்மின் தோட்டத்தில் எந்தப் பொருளும் தான் பிறந்த வேலையைப் பார்ப்பதில்லை. தேநீர்க் கெண்டியில் பறவைகளுக்குச் சூரியகாந்தி விதை இருக்கும். கேஸ் விளக்கின் கண்ணாடிக் கூண்டில் வேர்க்கடலை. காது மந்தமான ஒரு பாதிரியார் காதில் வைத்துக் கேட்ட பித்தளைக் குழல் ஆப்பிள் மரத்தில் தலைகீழாகத் தொங்கித் தினை சிந்தும். பீங்கானைத் துளைக்க பெரிலுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உடைந்த கோப்பைகள்தான் சொல்லித்தந்தன. ஈரத்துணி மேல் வைக்க வேண்டும், அழுத்தக் கூடாது, அவசரம் கூடவே கூடாது. எந்தப் பாத்திரமானாலும் அடியில் ஓட்டை உண்டு. தண்ணீர் தேங்கினால் விதை புளித்துவிடும்.

பக்கத்து வீட்டு கிளிஃபர்ட் வெனபிள்ஸுக்கு இதெல்லாம் ஆகாது. அவர் கூஸ்பெர்ரி என்ற புளிப்புப் பழத்தை வளர்ப்பவர். இங்கிலாந்தின் செஷயரில் அந்த ஊர் ஆண்களுக்குப் பழத்தைத் தின்பதைவிட, யார் பழம் கனம் என்று எடை போட்டுப் போட்டி போடுவதில்தான் ஆசை. ஒரு செடியில் இரண்டே பழங்களை விட்டு, வெயிலுக்குக் குடை பிடித்து, பறவைக்கு வலை கட்டி வளர்ப்பார்கள்.

"ஊர்ல இருக்கிற பறவைக்கெல்லாம் நீ சோறு போடுற பெரில். சாப்பிட்டு முடிச்சதும் பழத்துக்கு என் வீட்டுக்கு வருதுங்க."

"உன் பழத்தைப் பாத்தாலே புளிக்குது கிளிஃப். என் குருவிங்களுக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கு."

பள்ளிக்கூட நாளிலிருந்து இருவரும் இப்படித்தான்.

ஜூலையில் கூஸ்பெர்ரிச் சங்கத்தின் செயலாளர் ஐரீன் ஓக்ஸ் தேநீருக்கு வந்தார். வந்தவர் நாற்காலியில் உட்காராமல் ஐவிக் கொடி படர்ந்த சுவரையே பார்த்தார். அங்கே ஒரு கறுத்த கோப்பை தொங்கியது. அதற்குக் கூரையாகப் பழைய எனாமல் விளக்கு மூடி.

"மிஸஸ் ஹல்ம், அது எங்க சங்கத்துக் கோப்பை."

போன வருடம் ஜெயித்த நார்மன் பிளீஸ் முதியோர் இல்லத்துக்குப் போனபோது அவர் வீட்டுச் சாமான்கள் தேவாலயத்துப் பழைய பொருள் விற்பனைக்கு வந்திருந்தன; கோப்பையும் அதோடு வந்துவிட்டது. வெள்ளி கறுத்திருந்ததால் எழுத்து தெரியவில்லை. பெரில் ஏதோ கால்பந்துக் கோப்பை என்று நினைத்திருந்தார்.

"அடியில ஓட்டை போட்டிருக்கீங்களே. ஜெயிச்சவர் இதுலதான் பீர் குடிக்கணும். நூறு வருஷமா அப்படித்தான் குடிக்கிறாங்க."

"வேகமா குடிக்கச் சொல்லுங்க."

ஐரீன் கையை நீட்டினார். விளக்கு மூடிக்குக் கீழிருந்து ஒரு ராபின் குருவி சீறிப் பறந்தது. உள்ளே பாசி மெத்தை. அதில் புள்ளி போட்ட முட்டைகள்.

பெரில் குறுக்கே வந்து நின்றார். "கூட்டை இப்ப எடுத்தா முட்டை செத்துப்போயிடும். சட்டமும் விடாது. குஞ்சு பறந்து போகட்டும், நானே தேச்சுக் கொண்டுவந்து தரேன்."

"போட்டி அடுத்த வாரம் மிஸஸ் ஹல்ம். கோப்பையை ஜெயிச்சவர் கையில குடுக்கணும், அன்னிலேருந்து அது அவர் பொறுப்பு. விதியில இருக்கு."

"பறவை உங்க விதியைப் படிச்சதில்லையே."

போட்டி நடந்தது. வாழ்நாளெல்லாம் நார்மனிடம் தோற்றுவந்த கிளிஃபர்ட், கோழிமுட்டை அளவுப் பழம் ஒன்றைப் பஞ்சில் வைத்துக் கொண்டுவந்து ஜெயித்துவிட்டார். சங்கமே ஊர்வலமாக பெரிலின் வீட்டுக்கு வந்தது. பெரில் வாசலில் நின்று எல்லோரையும் பூட்ஸைக் கழற்றச் சொன்னார். கைதட்டக் கூடாது என்றார். எனவே அவர்கள் காலுறையோடு புல்லில் நின்று, கைக்குட்டைகளை ஆட்டினார்கள். தலைவர் பாராட்டுரையைக் கிசுகிசுத்தார். கிளிஃபர்ட் ஒரு விரலால் கோப்பையின் காதைத் தொட்டார். அதுவே ஒப்படைப்பு. பீரை ஜாம் பாட்டிலில் குடித்தார்.

பொறுப்பு என்றால் பொறுப்பு. மறுநாளே மடக்கு நாற்காலியோடு வந்து சுவரோரம் உட்கார்ந்தார்.

"பூனை வருமில்ல," என்றார்.

"கோப்பையையா தின்னும்?"

கிளிஃபர்ட் நாற்காலியைக் கோப்பைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப்போட்டார். முட்டை பொரிந்ததும், செடிக்குப் பிடிக்கும் குடையைப் பிடுங்கிவந்து கூட்டுக்கு நட்டார். வாயைப் பிளந்த குஞ்சுகளுக்குத் தாய் பச்சைப் புழு கொண்டுவந்தது. கிளிஃபர்ட் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அந்தப் புழுவை அவருக்குத் தெரியும். கூஸ்பெர்ரி இலையை ஒரே வாரத்தில் மொட்டையடிக்கிற புழு.

"பெரில், இது என் செடியில இருந்து வந்த புழு."

"பின்ன, கடையில வாங்கியா வரும்? உன் வலையில ஓட்டை விழுந்திருக்கு, அது வழியா போய் எடுத்துட்டு வருது. போய் அடை."

அவர் போனார். வெகுநேரம் கழித்து வந்தார். அடைத்தாரா என்று பெரில் கேட்கவில்லை.

ஆகஸ்டில் குஞ்சுகள் பறந்தன. பெரில் கோப்பையை இறக்கி, வெந்நீர் ஊற்றித் தேய்த்துப் பளபளப்பாக்கி, சொன்ன சொல் மாறாமல் கொடுத்தார். ஐரீன் ஓட்டையை அடைக்க ஒரு கார்க்கை அனுப்பியிருந்தார். கிளிஃபர்ட் கோப்பையை வாங்கிக்கொண்டார். கார்க்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் பெரில் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். கூஸ்பெர்ரிச் செடிகளின் நடுவே கம்பம் ஒன்று நின்றது. அதன் உச்சியில் வெள்ளிக் கோப்பை. வலை ஓரமாகச் சுருட்டிக் கிடந்தது. பாதையில் நின்ற சங்கத்துக்காரர்கள் இருவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளிஃபர்ட் ஏணியில் இருந்தார்.

"ரொம்ப வெட்டவெளி கிளிஃப்," என்றார் பெரில். "கொடி மறைவு இல்லாம ராபின் எட்டிக்கூடப் பாக்காது. என் ஐவிக் கொடியில ஒரு துண்டு வெட்டித் தரேன், இறங்கி வா."