செல்வியின் ஆன்டெனாவும் நான் செய்த லோடும்

போன வாரம் கண்டிக்குப் போனேன், ஊர் சுற்ற இல்லை. மஹய்யாவையில் இருக்கும் சித்தி மகள் செல்வி ஒரு ஆன்டெனா செய்திருந்தாள். மறுநாள் இன்டர்வியூவில் அதைக் காட்டினால்தான் வேலை. அளக்கும் மெஷின் பேராதனைப் பக்கம் ஒரு ஆய்வுகூடத்தில் இருந்தது. அளப்பதற்கு முன் அதைச் சரிப்படுத்தும் துண்டுகள்தான் இல்லை. "நானே செஞ்சு கொண்டாறேன்" என்று வாயை விட்டது நான்.

கொழும்பிலிருந்து காலை ஆறு மணி ஏசி பஸ். நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். டீக்கு நிறுத்த மாட்டான், சாப்பிட்டே ஏறுங்கள்.

துண்டுகளில் முக்கியமானது லோட். போகிற அலையை முழுசாக விழுங்கி, எதையும் திருப்பி அனுப்பாத சாமான். ஒரு ரெசிஸ்டரைக் கனெக்டரில் பற்றவைத்துச் செய்திருந்தேன். ஆய்வுகூடத்தில் அதை வைத்து மெஷினைச் சரிப்படுத்திவிட்டு, அதையே மறுபடி மாட்டிப் பார்த்தேன். திரையில் கோடு அடியில் போய்ப் படுத்தது, அலை எதுவும் திரும்பவில்லை என்று அர்த்தம். "பாத்தியா, கம்பெனிச் சாமான் தோத்துப்போகும்!" என்று எகிறினேன். என் பரீட்சைத் தாளை நானே திருத்தி நூறு மார்க் போட்டுக்கொண்டது அப்போது மண்டையில் உறைக்கவில்லை. நீங்கள் செய்கிறதாக இருந்தால் வேறொரு லோடை மாட்டித்தான் சரிபாருங்கள்.

செல்வியின் ஆன்டெனா, வேலை செய்ய வேண்டிய அலைவரிசையை விட்டுத் தள்ளிக் காட்டியது.

"என் கணக்கு சரிதாண்ணா. என்னோட படிச்ச நஸீர் கடை லோட் ஒண்ணு கொண்டு வர்றாரு, கொஞ்சம் பொறுப்போமா?"

"மெஷின் பொய் சொல்லுமா? வெட்டு புள்ள."

கத்தியை எடுத்துச் செப்புத் தகட்டின் ஓரத்தை வெட்டினாள்.

நஸீர் அக்குறணையிலிருந்து கடையில் வாங்கிய லோடோடு வந்தார். அதை வைத்துச் சரிப்படுத்தி அளந்தோம். என் லோடில் கம்பியை நீளமாக விட்டிருக்கிறேன், கோளாறு அங்கேதான். வெட்டுவதற்கு முன் ஆன்டெனா சரியாகவே இருந்திருக்கிறது. இப்போதுதான் கெட்டுப்போயிருக்கிறது. நஸீர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் சித்தி இடியப்பமும் மீன் குழம்பும் வைத்தாங்க. "நான்தாம்மா அவசரப்பட்டு வெட்டிட்டேன்" என்றாள் செல்வி.

"ஒனக்கு எப்பவும் அவசரந்தான்! அண்ணன் வேலையப் போட்டுட்டு வந்திருக்கு, சொல் பேச்சு கேட்டியா?"

செல்வி தட்டைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். சித்தி இன்னொரு மீன் துண்டு வைத்தாங்க, அதையும் தின்றேன். சீ, நானும் ஒரு அண்ணன்!

திரும்பும் பஸ் கடுகண்ணாவையை நெருங்கியபோது உட்கார முடியவில்லை. "பஹினவா!" என்று, இறங்கணும் எனச் சிங்களத்தில் கத்தி, இறங்கி, ரோட்டைக் கடந்து, கண்டி பஸ்ஸில் ஏறினேன்.

கதவைத் திறந்த சித்தி, "என்ன தம்பி, பஸ் இல்லையா?" என்றாங்க.

"சித்தி, அவ பொறுக்கத்தான் சொன்னா. வெட்டச் சொன்னது நான். அளந்த சாமானும் நான் செஞ்சதுதான். அதுதான் பிழை."

என்னை ஏசுவாங்க என்று நின்றேன். சித்தி உள்ளே போய், அறைக் கதவைத் தட்டினாங்க.

"செல்வி, எழும்பி வந்து சாப்பிடும்மா."