சீரியலில் செத்தவர் பிழைத்து வந்த காரணம்

ஏழு மணி சீரியல் ஒன்றில் கதாநாயகியின் செத்துப்போன அப்பா திடீரென்று உயிரோடு வந்து வாசலில் நின்றார். கதாசிரியர் முதல் நாளே போட்டுவைத்த முடிச்சு அது என்று யூடியூபில் ஒருவர் இருபது நிமிடம் விளக்கினார். முடிச்சுப் போட்டது எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டியில் பூக் கட்டும் பொன்னாத்தாள் அக்கா. பக்கத்தில் உட்கார்ந்து பூ எடுத்துக் கொடுப்பவள் நான் என்பதால் எனக்குத் தெரியும்.

சீரியலை எடுத்தது மலைப்பாதை தொடங்கும் இடத்திலுள்ள ஒரு பங்களாவில். தினமும் ஒரு சம்பங்கி மாலை அக்காதான் கொடுப்பார். அடியில் ஒரு கொத்து மரிக்கொழுந்தைச் சிவப்பு நூலால் கட்டிவிடுவது அவர் கைவழக்கம். மாலை யாருக்கென்று கேட்டதில்லை. சாயங்காலம் கோயில் வாசலில் வியாபாரம் என்பதால் சீரியலும் பார்த்ததில்லை.

ஒரு நாள் மழைக்கு என் வீட்டில் ஒதுங்கினார். டி.வி.யில் கதாநாயகி அப்பாவின் படத்துக்கு முன்னால் அழுதுகொண்டிருந்தாள்.

"அட, நம்ம மாலை!" என்றார் அக்கா சந்தோஷமாக. அப்புறம்தான் மாலைக்கு நடுவில் இருந்த மீசையைக் கவனித்தார். அது அவர் வீட்டுக்காரர் கந்தவேல் அண்ணன்.

ஊருக்கே மூன்று மாதமாகத் தெரியும். எனக்கும் தெரியும். சொல்லப் பயம். சொன்னால் வேடிக்கை போய்விடுமே என்றும் இருந்தது.

மழையிலேயே தன் வீட்டுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

"ஏனுங்க, உசுரோட இருக்கற மனுசனுக்குத் தெனமும் என் கையாலயே மாலை கட்டிக் குடுத்திருக்கறனே! என் தாலிக்கு என்னங்க ஆகறது?"

"மீசை நல்லாருக்குதுன்னு போட்டோ கேட்டாங்க, குடுத்தேன். இப்ப பஸ்ஸுல ஏறினா நாலு பேரு எந்திரிச்சு எடம் குடுக்கறாங்க, புள்ளை."

"எடம் குடுக்கறாங்களா, பயந்து எந்திரிக்கறாங்களா?"

மறுநாள் காலையில் அண்ணன் இரண்டு முறை இருமினார். அவ்வளவுதான், அக்கா பங்களாவுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே உதவி இயக்குநர் ஜெகதீஸ்வரன் தலையைச் சொறிந்தார்.

"படத்த மாத்த முடியாதுக்கா. திடீர்னு வேற அப்பாவ மாட்டினா சனங்க கேக்கமாட்டாங்களா?"

"மாலையவாவது எடுத்துரு சாமி."

"மாலை இல்லன்னா உயிரோட இருக்காருன்னு நெனச்சுக்குவாங்களே."

"உசுரோடதானப்பா இருக்கறாரு!"

அக்கா மாலை கொடுப்பதை நிறுத்தினார். அவர்கள் அஸ்தம்பட்டியிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். உடனே அக்கா அண்ணனைக் கூட்டிப்போய், கதாநாயகி கண்ணில் படுகிற மாதிரி கேமராவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். "ஷூட்டிங் பாக்க வந்தோமுங்க" என்றார்.

"அப்பா, என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே!" என்று கதறிய பெண் நிமிர்ந்தாள். போன அப்பா டீயில் முறுக்கை நனைத்துக்கொண்டிருந்தார். அவள் அழுவதைப் பார்த்து அவருக்கு மனசு தாங்கவில்லை.

"அழுவாத கண்ணு, நான் இங்கதான இருக்கறேன்" என்றார்.

லைட் பிடித்தவர் கூடச் சிரித்துவிட்டார். இருவரையும் வெளியே அனுப்பியும் பயனில்லை. அதன்பிறகு அந்தப் படத்தைப் பார்த்தாலே அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று நாள் பொறுத்த இயக்குநர், அப்பா சாகவே இல்லை என்று கதையை மாற்றி, அண்ணனையே நடிக்கக் கூப்பிட்டார்.

"வந்துட்டேம்மா" என்ற ஒரே வசனம். கேமராவைப் பார்த்ததும் அண்ணனுக்கு வாயே திறக்கவில்லை. விபத்தில் பேச்சுப் போய்விட்டது என்று எழுதிக்கொண்டார்கள். கண்ணாலேயே நடிக்கிறார் என்று பாராட்டு குவிந்தது. அந்தக் கண், கூட்டத்தில் அக்கா எங்கே என்று தேடியது.

அது ஒளிபரப்பான அன்று அக்கா வியாபாரத்துக்குப் போகாமல், அண்ணனோடு என் வீட்டு டி.வி. முன்னால் வந்து உட்கார்ந்தார். சீரியலில் சுவரிலிருந்து படத்தை இறக்கி மாலையைக் கழற்றினார்கள். அக்கா தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்த காட்சி, அக்கா கல்யாணப் பூ கட்ட ராசிபுரம் போயிருந்த நாளில் எடுத்தது. சீரியலில் அண்ணனுக்கு ஒரு மனைவி உண்டு. அந்த அம்மாள் பட்டுச்சேலையோடு ஓடிவந்து அவர் நெஞ்சில் விழுந்தார். எழுந்திருக்கவே இல்லை. அண்ணன் அவர் தலையை ஒரு முறை தடவினார். பிறகு இன்னொரு முறை.

நான் பூவைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். அண்ணன் செருப்பைத் தேடினார்.

"ஏனுங்க" என்றார் அக்கா, மெதுவாக. "மறுபடியும் எப்பச் சாவீங்கன்னு அந்த டைரக்டருகிட்டக் கேட்டு வையுங்க. மாலைய நானே கட்டித் தாரேன்."