காய்ச்சல் விட்ட காலை

பழைய கம்ப்யூட்டரின் காற்றாடியைக் கழற்றித்தான் அந்தப் பெட்டியைச் செய்தேன். மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஒரு துளி இரத்தம் ஏற்றிச் சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கும், நீர் மேலே நிற்கும். டெங்கு முற்றி, இரத்தத்தின் நீர் வெளியே கசியத் தொடங்கினால் சிவப்பின் அளவு ஏறும். பற்றரியில் ஓடும், மலிவு. ஆஸ்பத்திரி மெஷினோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்த காலம். துறைமுகத்தை ஒட்டிய எங்கள் ஒழுங்கையில் அதற்குப் பெயர் 'விசிறி'.

அதிகம் பகிடி பண்ணியவர் பக்கத்து வீட்டு அண்ணை, கடலுக்குப் போகிறவர். அந்த மாரியில் அவருக்கும் டெங்கு வந்தது. வந்தவுடன் பார்த்த அளவைப் பெட்டியில் பேனையால் கோடு கீறி வைத்திருந்தேன்.

ஒரு காலை போனால், மனிதர் விடியவே தலை முழுகிவிட்டுக் கிணற்றடி வெயிலில் நிற்கிறார். காய்ச்சல் விட்டால் முழுகுவது எங்கள் வழக்கம். முழுகினால் வருத்தம் முடிந்தது என்று கணக்கு. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் அந்தக் கசிவு தொடங்கும்; அதுதான் பயப்பட வேண்டிய நேரம். சொல்லிச் சொல்லி என் வாய் நொந்ததுதான் மிச்சம்.

"காய்ச்சல் விட்டிட்டுது தம்பி. பின்னேரம் கடலுக்குப் போறன்."

கையைப் பிடித்துப் பார்த்தேன். "ஏன் அண்ணை இப்பிடிக் குளிருது?"

"முழுகினனான், குளிராதே? உன்ர விசிறிக்கு வேற ஆள் கிடைக்கேல்லையே?"

சிரித்துக்கொண்டே கதிரையில் அமர்ந்து விரலை நீட்டினார். பெட்டி சுழன்று நின்றது. சிவப்பு என் கோட்டைத் தாண்டி எங்கோ நின்றது.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"ஏலாது. பெட்டி பிழையாக் காட்டுது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பிழை எண்டால் நல்லதுதான். வந்து டொக்டரிட்ட எனக்கு ஏச்சு வாங்கித் தாங்கோ!" உண்மையில், அது பிழையாக இருக்கட்டும் என்று கோணேசரை வேண்டிக்கொண்டுதான் நின்றேன்.

சத்தம் கேட்டு அக்கா வந்தார். அண்ணையின் தலையைத் தடவினார். முடி எப்போதோ காய்ந்திருந்தது. பிறகு துவாயால் அவர் பாதத்தைத் துடைத்தார். ஈரம் திரும்ப வந்தது. மறுபடி துடைத்தார்.

"இது கிணத்துத் தண்ணி இல்லை, தம்பி. வேர்வை," என்றார். அடுப்பைக்கூட அணைக்காமல் ஓட்டோ பிடிக்க ஓடினார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் பெட்டி என் மடியிலேயே இருந்தது. அண்ணை அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு பகிடியும் விடவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.