மூச்சு வெட்டிய வயலின்

வயலின்காரருக்குச் சகலையை நினைத்தாலே வயிறு எரியும். முப்பது வருஷம் வாசித்துக் கழுத்தில் தழும்பேறியவர் இவர். மருந்துக்கடை வைத்திருக்கும் சகலையோ, யாரோ எங்கேயோ ஒவ்வொரு சுரமாக வாசித்துப் பதிந்துவைத்த லைப்ரரியைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு, கீபோர்டைத் தட்டியே வயலின் ஒலியை வரவழைக்கிறார். சொந்தபந்தமெல்லாம், "என்னமா வாசிக்கிறாரு!" என்கிறது. வாசிக்கிறாராம்!

நாடகக்குழு ஒன்று புது நாடகத்துக்கு இசை தேடியது. இருவருமே அனுப்புவதாக இருந்தார்கள். இதிலும் சகலை ஜெயித்துவிட்டால் மாமனார் வீட்டில் எப்படித் தலைகாட்டுவது என்பதுதான் வயலின்காரரின் கவலை.

படுக்கையறை ஜன்னலில் போர்வையைக் கட்டி, மைக் முன்னால் உட்கார்ந்து வாசித்தார். போட்டுக் கேட்டால் வில் நரநரக்கிறது, நாற்காலி முனகுகிறது, நடுநடுவே இவர் மூச்சு வேறு. சகலையின் வயலினில் ஒரு பிசிறு இருக்காதே! பொறாமை பிடுங்கித் தின்றது. மூச்சையெல்லாம் வெட்டி எறிந்தார். இம்மி விலகிய சுருதியை மென்பொருளில் இழுத்து நிறுத்தினார். தாளத்தையும் நூல் பிடித்தாற்போல் அடுக்கினார். நாலு நாள் இதே வேலை.

"இன்னும் என்னத்தத் தேய்ச்சுக்கிட்டு இருக்கீங்க? பாத்திரமா அது?" என்றாள் மனைவி.

"உன் தங்கச்சி புருஷன் வாயடைச்சுப் போகணும்."

அன்று ராத்திரியே அனுப்பிவைத்தார். ஐந்தாம் நாள், நாடகத்தை இயக்கும் அம்மா போன் செய்தார். "மெட்டு நல்லா இருக்கு சார். ஆனா எங்களுக்கு மெஷின் வாசிக்கிறது வேண்டாம். இன்னொருத்தர் அனுப்பினதுல ஆள் வாசிக்கிறது தெரியுது. மூச்சு விடுறதுகூடக் கேக்குது."

வயலின்காரர் போனை வைத்த கையோடு சகலையின் அழைப்பு வந்தது.

"அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க. புது லைப்ரரியில மூச்சு, வில்லு உரசுறது எல்லாத்துக்கும் தனித்தனியா பட்டன் இருக்கு. கொஞ்சம் ஏத்தி வச்சேன், அவ்வளவுதான். உங்களோடதையும் அந்தம்மா போட்டுக் காட்டினாங்க. நீங்களும் லைப்ரரிக்கு மாறிட்டீங்களா? எவ்வளவு சுத்தம்! எதுண்ணே அது?"

நான்தான்டா வாசித்தேன் என்று கத்த வாயெடுத்தார். கத்தினால், சொந்தக் கையால் வாசித்தே பட்டனிடம் தோற்றதை ஒப்புக்கொள்ள வேண்டும். கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டார்.

"அது இப்போ எங்கயும் கிடைக்கிறதில்ல" என்றார்.