குட்டனின் வாயைச் சுற்றி இருந்த வெள்ளை

அபி, அம்மு... நேற்றுச் சாப்பிடும்போது இரண்டு பேரும் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "குட்டன் எதுக்குப்பா நொண்டுது?" நான் கை கழுவ எழுந்துவிட்டேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை. வாராவாரம் எழுதுகிற இந்தப் பத்தியில் சொல்கிறேன். மற்ற வீட்டுப் பிள்ளைகளும் கேட்டுக்கொள்ளட்டும்.

செல்லையன் பெரியப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தோட்டத்தில் ரப்பர் வெட்டுகிறவர். தனி ஆள். துணைக்கு அவருடைய நாய் குட்டன். அவர் மரத்துக்கு மரம் போனால் அதுவும் போகும். அவர் இல்லாமல் அது ரோட்டுக்கு வந்து யாரும் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அது தனியாக வந்தது.

ரேஷன் கடையில் கூட்டம். நான் ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு வரிசையில் நின்றிருந்தேன். ஓடி வந்த குட்டன், முன்னால் நின்ற மணியன் மாமாவின் வேட்டியைக் கவ்வி இழுத்தது. வாயைச் சுற்றி வெள்ளையாக நுரை.

போதாதா? போன மாதம்தான் பக்கத்து ஊரில் ஒரு நாய் கண்ணில் பட்டவர்களை எல்லாம் கடித்தது. வெறிநாய்க்கு இங்கே பேப்பட்டி என்று பெயர். அந்தச் சொல்லை யாராவது சொல்லிவிட்டால், பிறகு ஒருவரும் நாயைப் பார்ப்பதில்லை – கல்லைத்தான் தேடுகிறோம்.

"இது செல்லையனுக்க பட்டியில்லியா?" என்றார் ராதா அத்தை.

"யாருக்க பட்டியா இருந்தா என்ன? வாயைப் பாருங்க. பேப்பட்டியாக்கும்," என்றார் மணியன் மாமா.

முதல் கல் அவருடையது. பின்னங்காலில் பட்டது. குட்டன் கத்திக்கொண்டே, எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி தோட்டத்துப் பாதையில் ஓடியது. அப்பாடா என்று மூச்சு விட்டோம். கொஞ்ச நேரத்தில்... மூன்று காலில் திரும்பி வந்தது. அடி வாங்கிய இடத்துக்கே. மறுபடியும் கல். மறுபடியும் ஓடியது. மறுபடியும் வந்தது.

பேப்பட்டி இப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டா ஓடும்? அன்றைக்கு அந்தக் கேள்வி ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ராதா அத்தை பயத்தில் கீழே போட்ட பையில் அதன் வாய் உரசியது. பையில் வெள்ளைக் கறை. மணியன் மாமா ஒரு குச்சியால் தொட்டுப் பார்த்தார். குச்சியைத் தூக்கியபோது அது நூலாக இழுபட்டு வந்தது.

நுரை நூலாக வருமா?

மாமாவின் குரல் இறங்கிவிட்டது. "எலே... இது ரப்பர் பாலாக்கும்."

தினமும் ரப்பர் ஷீட் அடிக்கிற மனிதர். வரிசையில் நின்ற பாதிப் பேருக்கு ரப்பர்தான் சோறு. பயம் வந்துவிட்டால் தன் கையில் ஒட்டியிருப்பதுகூட மனிதனுக்கு அடையாளம் தெரியாது போல.

குட்டன் முன்னால் ஓடியது. நாங்கள் பின்னால் ஓடினோம்.

பெரியப்பா ஒரு மரத்தடியில் சரிந்து கிடந்தார். பக்கவாதம். பால் வாளி அவர் மேலேயே கவிழ்ந்திருந்தது. நெற்றி, கன்னம், கழுத்து... எல்லா இடத்திலும் பால் உறையத் தொடங்கியிருந்தது. மூக்கும் வாயும் மட்டும் சுத்தம். குட்டன் நக்கி நக்கியே துடைத்திருக்கிறது. இல்லையென்றால் மூச்சு அங்கேயே அடைத்திருக்கும்.

ஆட்டோவில் ஏற்றி நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி – எப்போது விழுந்தார்? எங்களுக்கு என்ன தெரியும்? தெரிந்த ஒரே ஆளைத்தான் கல்லால் அடித்துத் துரத்தியிருந்தோமே. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார் அவர், மலையாளத்தில், மெதுவாக. மணியன் மாமா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

உயிர் இருக்கிறது, மக்கா. வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சு வரவில்லை. இனி 'குட்டா' என்று கூப்பிடுவாரா? டாக்டரும் சொல்லவில்லை.

தெரியாத நாயிடம் போகாதீர்கள் என்று நான் சொன்னது இப்போதும் சரிதான். விலகி நில்லுங்கள். ஆனால் விலகி நின்று... பாருங்கள்.

இன்று நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, தேங்காய் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு தனியாகத் தோட்டத்துக்குப் போனேன். அந்த மரத்தடியில்தான் குட்டன் படுத்திருந்தது. வாயைச் சுற்றிப் பால் காய்ந்து, முடியோடு ஒட்டிப் பழுப்பாக இறுகியிருந்தது. எண்ணெய் தேய்த்து, விரலால் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தேன். முடியும் சேர்ந்து வந்தது. வலித்திருக்கும்.

கடிக்கவில்லை.